தரவரிசை காட்டும் உலாவிக் கருவிப்பட்டைகள்: வன்னியில் தளம் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் கணினி வகுப்பு நடத்தத் தொடங்கிய நாளிலிருந்து, பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாங்குளம், மல்லாவி ஆகிய ஊர்களில் பழைய மாணவர் சங்கத் தளங்களையும் கோயில் தளங்களையும் சிறு செய்தித் தளங்களையும் நடத்துபவர்கள் என்னிடம் பலவிதமான கேள்விகளைக் கொண்டு வருகிறார்கள். தளத்தின் தரவரிசையைக் காட்டும் கருவிப்பட்டை பற்றிய கேள்வி அவற்றுள் இன்னும் ஓயவில்லை. பட்டை ஏன் திறக்கவில்லை, எண் ஏன் வரவில்லை, ஒரு கணினியில் தெரிவது மற்றதில் ஏன் தெரியவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லி வந்ததை ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

தரவரிசைக் கருவிப்பட்டை என்பது என்ன?

உலாவியின் முகவரிப் பெட்டிக்குக் கீழே ஒரு வரியாக அமர்ந்து, நீங்கள் திறக்கும் ஒவ்வொரு தளமும் உலகில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று காட்டிய சிறு மென்பொருள் அது. இவற்றில் மிகவும் அறியப்பட்டது அலெக்சா நிறுவனத்தின் பட்டை. 1996 இல் புரூஸ்டர் கேலும் புரூஸ் கில்லியட்டும் அலெக்சாவைத் தொடங்கினார்கள். பண்டைய அலெக்சாந்திரியா நூலகத்தின் நினைவாக அந்தப் பெயரை வைத்தார்கள். 1999 இல் அமேசன் அதை வாங்கியது. இன்று வீடுகளில் பேச்சுக்குப் பதில் சொல்லும் அமேசனின் அலெக்சா 2014 இல் வந்தது. அதற்கும் இந்தத் தரவரிசைக்கும் பெயரும் உரிமையாளரும் தவிர வேறு தொடர்பில்லை.

கூகுளின் கருவிப்பட்டை 2000 டிசம்பரில் வெளியானது. அதிலிருந்த பச்சைக் கோட்டைப் பலர் வாசகர் எண்ணிக்கை என்று நம்பினார்கள். அது பேஜ் ராங்க் எனப்படும் மதிப்பு. ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுத்துச் சுட்டுகின்றன, அப்படிச் சுட்டும் பக்கங்களின் தகுதி என்ன என்பதைக் கொண்டு 0 முதல் 10 வரை இடப்பட்டது. ஒருவரும் வாசிக்காத பக்கத்துக்குக்கூட நல்ல இணைப்புகள் இருந்தால் அந்தக் கோடு நீளும்.

அலெக்சாவின் எண் எப்படிக் கணக்கிடப்பட்டது? அதை நம்பலாமா?

பட்டை ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்வி உட்பட, கீழே வரும் பலவற்றுக்கும் விடை இந்தக் கணக்கு முறையில் இருப்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

பட்டையை நிறுவிய ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால், அந்தப் பக்கத்தின் முகவரியைப் பட்டை அலெக்சாவின் வழங்கிக்கு, அதாவது மறுமுனையில் இருந்து பதில் தரும் கணினிக்கு, அனுப்பும். வழங்கி அதற்குரிய தரவரிசையைத் திருப்பி அனுப்பும். இப்படி எண்ணைக் கேட்பதற்காக அனுப்பப்படும் அதே முகவரிதான் எண்ணைக் கணக்கிடும் தரவாகவும் பதிவாகும். கடந்த மூன்று மாதங்களில் வந்தவர்களையும் அவர்கள் பார்த்த பக்கங்களையும் சேர்த்துக் கணித்து வரிசை வகுக்கப்பட்டது. எண் சிறிதாக இருந்தால் தளம் பெரியது. ஆகவே பட்டை நிறுவாத வாசகர் பத்தாயிரம் பேர் உங்கள் தளத்துக்கு வந்தாலும் அந்தக் கணக்கில் அவர்கள் ஒருவர்கூட இல்லை. 2008 ஏப்ரலில்தான் பட்டைக்கு வெளியே உள்ள மூலங்களையும் சேர்த்துக் கொள்வதாக அலெக்சா தன் முறையை மாற்றியது. ஒரு இலட்சமாவது இடத்துக்குப் பின்னால் உள்ள தளங்களுக்குப் போதிய தரவு இல்லை என்பதையும் அந்த நிறுவனமே சொல்லி வந்தது. வன்னியிலிருந்து நடத்தப்பட்ட சிறு தளங்களில் நான் கையாண்டவை எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருந்தன.

மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் ஏ9 வீதியோரம் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் நாங்கள் வகுப்பு நடத்திய காலத்தில் இதை நேரில் கண்டேன். ஆறு கணினிகள் இருந்தன. மாணவர் ஒருவர் தன் பாடசாலையின் பழைய மாணவர் தளத்தைக் கட்டி, ஆறிலும் அலெக்சா பட்டையை நிறுவினார். பின்னேர வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் பழகுவதற்கு அந்தத் தளத்தையே திறந்தார்கள். சில வாரங்களில் தளத்தின் இடம் பல இலட்சம் படிகள் மேலே ஏறியது. பையன் அந்த எண்ணை அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார். பிறகு பரீட்சை வந்து வகுப்பு நின்றது. கணினிகள் துணி போர்த்தியபடி கிடந்தன. அடுத்த தவணை தொடங்கும்போது எண் பழைய இடத்துக்கே போய்விட்டிருந்தது. அந்தப் பாடசாலையின் பழைய மாணவர்கள் இலண்டனிலும் பாரிசிலும் இருந்து முன்போலவே தளத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். அவர்களின் வரவில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆறு கணினிகளின் அசைவைத்தான் நாங்கள் உலகத் தரவரிசையாக வாசித்திருந்தோம்.

பழைய கணினியில் பட்டை இன்னும் இருக்கிறது. எண் மட்டும் வருவதில்லை. எதைத் திருத்த வேண்டும்?

திருத்துவதற்கு உங்கள் பக்கத்தில் எதுவும் இல்லை. அலெக்சாவின் தரவரிசைச் சேவை 2022 மே 1 ஆம் திகதி மூடப்பட்டது. பட்டை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுமுனையில் வழங்கி இல்லாததால் வெற்றிடமோ கேள்விக்குறியோ தெரிகிறது. கூகுள் தன் பேஜ் ராங்க் மதிப்பை 2016 இல் பொதுப் பார்வையிலிருந்து எடுத்தது. பட்டையையே 2021 டிசம்பரில் நிறுத்தியது. இணையத்தில் இன்றும் சில இடங்களில் பழைய நிறுவல் கோப்புகள் கிடைக்கின்றன. அவற்றைத் தரவிறக்க வேண்டாம். யார் திறந்து எதைச் சேர்த்து மூடினார்கள் என்று தெரியாத கோப்பை நிறுவி, பதில் வராத பட்டை ஒன்றைப் பெறுவதில் பயனில்லை.

சேவை இயங்கிய காலத்திலேயே, ஒரு உலாவியில் தெரிந்த பட்டை இன்னொன்றில் தெரியாமல் போனது ஏன்?

அந்தப் பட்டைகள் முதலில் இன்ரர்நெற் எக்ஸ்புளோரருக்காக, விண்டோசுக்குள் மட்டும் இயங்கும் முறையில் எழுதப்பட்டவை. உலாவியின் உள்ளேயே புகுந்து அதன் ஓர் உறுப்பாக அமரும் துணைப்பொருள்களுக்கு மைக்ரோசொப்ட் இடம் கொடுத்திருந்தது; பட்டைகள் அந்த வாசலால் நுழைந்தன. பயர்பொக்ஸிலோ ஒபேராவிலோ மக்கின்டொஷ் கணினியிலோ அந்த வாசல் இல்லை. பயர்பொக்ஸுக்குத் தனியாக எழுதப்பட்ட நீட்சிகள், அதாவது உலாவியோடு சேர்த்து நிறுவும் சிறு மென்பொருள்கள், பின்னர் வந்தன.

இதில் தமிழ்த் தளங்களுக்கென்று ஒரு தனி விளைவு இருந்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடு பரவுவதற்கு முன் பல ஈழத்துத் தளங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதி, வாசகரின் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் தெரியும்படி இயங்கு எழுத்துருவை இணைத்திருந்தன. அந்த எழுத்துரு பெரும்பாலும் இன்ரர்நெற் எக்ஸ்புளோரரில்தான் இறங்கியது. அதனால் தமிழ் வாசிப்பவர்கள், மற்றவர்கள் பயர்பொக்ஸுக்கு மாறிய பிறகும், அதே உலாவியில் தங்கினார்கள். யுனிகோடுக்கு மாறியதும் வாசகர்கள் வேறு உலாவிகளுக்குப் போகத் தொடங்கினார்கள்; பட்டையைப் பழைய உலாவியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். தளம் வாசிக்க எளிதாகி வாசகர் கூடிய அதே வேளையில் தரவரிசை இறங்கியதைக் கண்டு மனம் உடைந்த நடத்துநர்களை எனக்குத் தெரியும். அவர்கள் செய்ததில் பிழை எதுவும் இருக்கவில்லை.

32 பிற், 64 பிற் என்று சொல்கிறார்களே, அதற்கும் பட்டைக்கும் என்ன தொடர்பு?

கணினி ஒரே தடவையில் கையாளும் தரவின் அளவைக் குறிப்பவை இந்த எண்கள். பழைய பட்டைகள் 32 பிற் மென்பொருள்கள். 64 பிற் விண்டோஸில் இரண்டு வகை இன்ரர்நெற் எக்ஸ்புளோரரும் இருந்தன. 64 பிற் உலாவி 32 பிற் துணைப்பொருளை ஏற்காது. தவறான சின்னத்தை அழுத்தித் திறந்தவர்களுக்குப் பட்டை "மறைந்து" போனது. பின்னர் வந்த 10 ஆம், 11 ஆம் பதிப்புகளில் மேம்பட்ட பாதுகாப்பு முறையை இயக்கினால், அதற்கேற்ப எழுதப்படாத பட்டைகளை உலாவி தானே முடக்கியது. விண்டோஸ் 8 இன் முழுத்திரை வடிவ உலாவி எந்தப் பட்டையையும் ஏற்கவில்லை.

பயர்பொக்ஸ் ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்பட்டபோதும் நீட்சி "இணக்கமற்றது" என்று முடங்கியது ஏன்?

பழைய முறையில், ஒரு நீட்சியை எழுதியவர் அது எந்தப் பதிப்பு வரை இயங்கும் என்பதை அதற்குள் எழுதி வைப்பார். 2011 இல் பயர்பொக்ஸ் ஆறு வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு என்ற ஓட்டத்தைத் தொடங்கியது. நீட்சியில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லாதபோதும், எழுதியவர் அந்த எண்ணை மாற்றி மறுபடி வெளியிடும் வரை அது முடங்கிக் கிடந்தது. கூகுள் தன் பட்டையைப் பயர்பொக்ஸ் 4 க்குப் பிறகு கொண்டு செல்வதில்லை என்று அந்த ஆண்டிலேயே முடிவெடுத்தது. 2012 தொடக்கத்தில் வந்த 10 ஆம் பதிப்பு, பெரும்பாலான நீட்சிகளை இணக்கமானவை என்றே கருதத் தொடங்கிய பின் தொல்லை குறைந்தது.

பெரிய முறிவு 2017 நவம்பர் 14 இல் வந்தது. அன்று வெளியான 57 ஆம் பதிப்பு, பழைய கட்டமைப்பில் எழுதப்பட்ட எல்லா நீட்சிகளையும் ஒரேயடியாகக் கைவிட்டது. உலாவியின் எந்தப் பகுதியையும் மாற்றலாம் என்ற பழைய சுதந்திரம் போய், குரோமில் உள்ளதைப் போன்ற வரையறுக்கப்பட்ட முறை வந்தது. அதன் பிறகு முகவரிப் பெட்டிக்குக் கீழே முழு வரியாக ஒரு பட்டையை வைக்கவே வழியில்லை. ஒரு சிறு பொத்தானும், அழுத்தினால் விரியும் சாளரமுமே பெரும்பாலும் கிடைக்கும். குரோமில் 2010 இல் நீட்சிகள் வந்த நாள் முதல் இதுவே நிலை.

எட்ஜ் உலாவியில் இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் முறைமை இருக்கிறதே. அதில் பழைய பட்டையைத் திறக்கலாமா?

முடியாது. அந்த முறைமை பழைய அலுவலகத் தளங்களுக்காக வைக்கப்பட்டது. அது சில துணைப்பொருள்களை ஏற்கும். கருவிப்பட்டைகளை ஏற்காது என்று மைக்ரோசொப்ட் தெளிவாக அறிவித்திருக்கிறது.

எங்கள் நிலையத்தில் விண்டோஸ் எக்ஸ்பியும் 7 உம் உள்ள கணினிகள்தான் இருக்கின்றன. பட்டை இருக்கட்டும், தரவரிசைத் தளங்களே திறக்கவில்லை.

நன்கொடையாக வந்த கணினிகளோடு வேலை செய்பவர்களின் உண்மையான இடர் இது. மூன்று காரணங்களை இந்த ஒழுங்கிலேயே பாருங்கள்.

முதலில், திரையின் வலது கீழ் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். பழைய கணினியின் தாய்ப்பலகையில் காசு வடிவில் ஒரு சிறு பற்றரி இருக்கும். அது செத்துப்போனால், மின்வெட்டு வந்து போகும் ஒவ்வொரு முறையும் கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை செல்லும் என்று குறித்த சான்றிதழோடு வருகிறது. கணினி தன்னை 2009 ஜனவரியில் இருப்பதாக நினைத்தால் எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காதவையாகத் தெரியும், கூகுளைக்கூடத் திறக்காது. துணுக்காய்ப் பக்கம் ஒரு நிலையத்தில் இணைய இணைப்பே பழுது என்று சொல்லி இரண்டு மாதம் பூட்டி வைத்திருந்த கணினிகளை, நகரத்தில் மணிக்கூட்டுக் கடையில் வாங்கிய பற்றரிகளைப் போட்டு ஒரு பின்னேரத்தில் எழுப்பினோம். உலாவியைக் குறை சொல்வதற்கு முன் திகதியைப் பார்க்கும் பழக்கம் அன்று எனக்கு வந்தது.

இரண்டாவது, எக்ஸ்பியில் உள்ள இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் 8 பழைய மறையாக்க முறையை மட்டுமே அறியும். இன்றைய வழங்கிகள் டிஎல்எஸ் 1.2 எனப்படும் புதிய மறையாக்க முறையை அல்லது அதற்கு மேலானதைக் கேட்பதால் இணைப்பே ஏற்படாது. மூன்றாவது, விண்டோஸ் 7 க்கு குரோமின் 109 ஆம் பதிப்பே கடைசி. பயர்பொக்ஸில் 115 ஆம் நீள் ஆதரவுப் பதிப்பே கடைசி. புதிய நீட்சிகள் பல இவற்றைவிடப் புதிய உலாவியை எதிர்பார்க்கின்றன. இப்படியான கணினிகளுக்கு இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவிப் புதிய பயர்பொக்ஸைத் தருவதே நான் சொல்லும் வழி. தமிழ் எழுத்தும் தட்டச்சும் அதில் நன்றாக இயங்குகின்றன.

உலாவியில் நான்கைந்து பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து அமர்ந்துவிட்டன. எப்படி அகற்றுவது?

இலவச மென்பொருள் நிறுவும்போது ஏற்கெனவே சரியிடப்பட்ட சிறு பெட்டிகளைக் கவனிக்காமல் "அடுத்து" என்று அழுத்திக் கொண்டு போனதால் வந்தவை இவை. ஒரு கடைக் கணினியில், பட்டைகள் போக மீதியாக இருந்த இடத்தில் ஒரு மரண அறிவித்தலின் படம்கூட முழுமையாகத் தெரியவில்லை. கழுத்துக்கு மேலே தெரிந்தால் பெயர் தெரியாது, பெயர் தெரிந்தால் முகம் தெரியாது.

முதலில் கட்டுப்பாட்டுப் பலகத்தில் உள்ள மென்பொருள் பட்டியலுக்குப் போய் ஒவ்வொன்றாக அகற்றுங்கள். பிறகு இன்ரர்நெற் எக்ஸ்புளோரரில் டூல்ஸ் பட்டியலில் உள்ள மனேஜ் அட்-ஒன்ஸ் பகுதியைத் திறந்து மிச்சம் இருப்பதை முடக்குங்கள். உலாவி திறந்தவுடன் மூடிக்கொள்ளுமானால், துணைப்பொருள்கள் இல்லாமல் திறக்கும் வழி விண்டோஸ் 7 இன் அக்சசறீஸ் பகுதிக்குள், சிஸ்ரம் டூல்ஸில் இருக்கிறது. குரோமிலும் பயர்பொக்ஸிலும் நீட்சிகளின் பக்கத்துக்குப் போய் அகற்றி, முகப்புப் பக்கமும் தேடுபொறியும் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்துங்கள்.

கைத்தொலைபேசியில் இப்படி ஒரு பட்டையை நிறுவலாமா?

அண்ட்ரொய்ட் குரோம் நீட்சிகளை ஏற்காது. அண்ட்ரொய்ட் பயர்பொக்ஸ் 2023 டிசம்பரிலிருந்து பரவலாக ஏற்கிறது. ஆனால் நம் சனத்தில் பெரும்பாலோர் வைபரிலோ வட்ஸ்அப்பிலோ பேஸ்புக்கிலோ வந்த இணைப்பை அழுத்தி வாசிப்பவர்கள். பேஸ்புக்கில் அழுத்தினால் பக்கம் அந்தச் செயலிக்குள்ளேயே திறந்து மூடுகிறது. அங்கே எந்த நீட்சிக்கும் இடமில்லை. ரீலோட் போட்ட டேட்டாவில் முள்ளியவளையிலோ நெடுங்கேணியிலோ இருந்து உங்கள் செய்தியை வாசிப்பவர், மேசைக் கணினியில் நிறுவப்பட்ட பட்டைகளைக் கொண்டு வகுக்கப்பட்ட எந்த வரிசையிலும் ஒருபோதும் இருந்ததில்லை.

எனது வலைப்பூவுக்கு அலெக்சா காட்டிய எண் சில நாளில் மிகச் சிறிதாகவும் சில நாளில் மிகப் பெரிதாகவும் இருந்ததே?

தரவரிசை பொதுவாக முகவரியின் முதன்மைப் பகுதியான தலைமைப் பெயருக்கே வகுக்கப்பட்டது. புளொக்ஸ்பொட்டின் கீழ் உள்ள வலைப்பூவைத் தனியாக அடையாளம் காணாதபோது, பட்டை முழுப் புளொக்ஸ்பொட்டின் எண்ணையே காட்டியது. அதைத் தன் இடம் என்று நம்பி மகிழ்ந்தவர்கள் உண்டு. போதாததற்கு, 2012 முதல் சில ஆண்டுகள் கூகுள் ஒரே வலைப்பூவை நாட்டுக்கு நாடு வெவ்வேறு முடிவுப் பெயருக்குத் திருப்பிவிட்டது. சென்னையில் வாசிப்பவர் டொட் இன் என்ற பெயரிலும் இங்கே வாசிப்பவர் டொட் கொம் என்ற பெயரிலும் வந்ததால் ஒரே வீட்டின் வரவு இரண்டு கொப்பிகளில் பதியப்பட்டது.

டொட் இலங்கை என்று தமிழிலேயே முகவரி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். தமிழ் முகவரிகள் உள்ளே ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடாக மாற்றப்பட்டே பயணிக்கின்றன. 2006 இல் வந்த 7 ஆம் பதிப்புக்கு முந்திய இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் அவற்றை அறியாது. இன்றும் தரவரிசைத் தளத்தில் தமிழ் முகவரியை அப்படியே இட்டுப் பதில் வராவிட்டால், அந்தக் குறியீட்டு வடிவத்தை இட்டுப் பாருங்கள்.

இப்படியான நீட்சிகள் என்னைப் பற்றி எதைச் சேகரிக்கின்றன?

நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும். மேலே சொன்னபடி அதுவே அவற்றின் வேலைமுறை. 2001 இல் அலெக்சாமீது அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கு இணக்கமாக முடிந்தபோது, தன் தரவுகளில் விபரம் காணப்பட்ட பாவனையாளருக்கு 40 டொலர் வரை கொடுக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2020 ஜனவரியில், நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் நிறுவனமான அவாஸ்ட், பாவனையாளர்களின் உலாவல் தரவை விற்ற தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷொட்டை மூடியது.

நீட்சியை நிறுவும்போது, நீங்கள் செல்லும் எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவு அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி வேண்டும் என்று ஒரு வரி வரும். அந்த வரியை நின்று வாசியுங்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றித் தேடும் தாயும், காணி விடுவிப்புப் பற்றித் தேடும் குடும்பமும் அமரும் பொதுக் கணினியில், யார் எதை வாசிக்கிறார் என்று வெளியே அனுப்பும் எந்த நீட்சியையும் நிறுவக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த மண்ணில் ஒருவர் என்ன வாசிக்கிறார் என்பது அவருடைய பாதுகாப்போடு சேர்ந்தது. உங்கள் சொந்தக் கணினியில் நிறுவ விரும்பினால், அதற்கென்று தனியாக ஓர் உலாவிக் கணக்கைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

இன்று அலெக்சாவுக்குப் பதிலாக எதைப் பார்க்கலாம்?

சிமிலர்வெப்பின் தளமும் நீட்சியும் பெரிய தளங்களுக்கு மதிப்பீடு தருகின்றன. கிளவுட்பிளேயர் ராடார், தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் தன் பெயர்த்தீர்வு வழங்கிகளுக்கு வரும் கேள்விகளிலிருந்து முதல் நூறு பெயர்களை வரிசையாகவும் மற்றவற்றைத் தொகுதிகளாகவும் தருகிறது. தகவல் பகிரச் சம்மதித்த குரோம் பாவனையாளர்களிடமிருந்து கூகுள் மாதந்தோறும் வெளியிடும் அறிக்கையும் தளங்களைத் துல்லிய எண்ணால் வரிசைப்படுத்தாமல் பெருந்தொகுதிகளாகவே பிரிக்கிறது. ஆய்வாளர்கள் பல பட்டியல்களைச் சேர்த்து 2019 முதல் வெளியிடும் ட்ரான்கோ பட்டியலில் முதல் பத்து இலட்சம் பெயர்கள் உள்ளன. தொகுதி தொகுதியாகச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. தெரியாத துல்லியத்தைத் தெரிந்ததாகக் காட்டவில்லை. நமது ஊர்த் தளம் இவற்றில் அனேகமாக இருக்காது. அதனால் தளத்தில் குறை இருக்கிறது என்று எண்ண வேண்டாம்.

வவுனியாக் கடைக்காரர் ஒருவர் விளம்பரம் தருவதற்கு முன் "உங்கள் தரவரிசை எத்தனை?" என்று கேட்கிறார். எதைக் காட்டுவது?

உங்கள் தளத்தின் சொந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவருக்குத் தேவையானது வவுனியாவைச் சுற்றி எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதே. உலக வரிசை அதைச் சொல்லாது. வாடகை வழங்கிகள் பலவற்றில் வரவைக் கணக்கிடும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. அதே வேலையைச் செய்யும் மட்டோமோவை உங்கள் வழங்கியிலேயே நிறுவலாம். வாசகரின் தரவு உங்கள் கையிலேயே இருக்கும். கூகுளின் சேர்ச் கொன்சோல் எந்தச் சொற்களைத் தேடி வருகிறார்கள் என்பதை இலவசமாகக் காட்டும்.

கணக்கை வாசிக்கப் பழக வேண்டும். ஒரு கோயில் தளத்தின் வழங்கி எழுதி வைத்த திருவிழா நாள் வரவுப் பதிவேட்டை, அதன் பரிபாலன சபைத் தலைவரோடு அமர்ந்து வரி வரியாகப் பார்த்தேன். விடியப்புறம் மூன்று மணி வரிகள் கனடாவிலிருந்து வந்தவை. அங்கே வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். காலை ஆறரைக்கு இலங்கைக் கைத்தொலைபேசிகள் தொடங்கின. பகல் முழுவதும் தேர்ப் படங்கள் இருந்த ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தம்பி, இவ்வளவும் எங்கடை சனமோ?" என்று கேட்டார். எல்லாம் இல்லை, தேடுபொறிகளின் இயந்திரங்களும் அதே பதிவேட்டில் வரியிடும், அவற்றைக் கழிக்க வேண்டும் என்று சொன்னேன். கழித்த பிறகும் எஞ்சிய வரிகளில் ஏறத்தாழ எல்லாமே கைத்தொலைபேசிகள். அந்தத் தாள்களைத்தான் அவர் அடுத்த கிழமை ஒரு புடவைக் கடைக்கு எடுத்துப்போனார்.

பணம் கொடுத்தால் வரவைக் கூட்டித் தருவதாகச் சொல்கிறார்களே?

கொடுக்க வேண்டாம். வருவது இயந்திரம், அது சேலை வாங்காது.

எங்கள் தளத்தின் பழைய தரவரிசைப் பக்கத்தை எங்காவது மீண்டும் பார்க்க முடியுமா?

இன்ரர்நெற் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் தேடிப் பாருங்கள். அலெக்சாவைத் தொடங்கிய அதே புரூஸ்டர் கேல் அதே 1996 இல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகம் அது. அலெக்சாவின் இயந்திரங்கள் பல ஆண்டுகளாக உலகெங்கும் சுற்றிச் சேர்த்த பக்கங்கள் அந்தக் காப்பகத்துக்கே கொடுக்கப்பட்டன. 2001 இல் வேபேக் மெஷின் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தரவரிசைப் பக்கம் அகப்படுகிறதோ இல்லையோ, உங்கள் தளத்தின் பழைய முகவரியையும் அதில் இட்டுப் பாருங்கள். 2009 க்கு முன் இருந்து, வழங்கிக்குக் காசு கட்ட ஆளில்லாமல் போய் மறைந்த தளங்கள் சிலவற்றின் பக்கங்களை நான் அங்கே கண்டெடுத்திருக்கிறேன். ஊரின் பழைய படங்கள், பாடசாலைப் பரிசளிப்பு விழாப் பட்டியல்கள், இன்று உயிரோடு இல்லாதவர்கள் எழுதிய கட்டுரைகள் அவற்றில் இருந்தன.

பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். அன்றைய இயங்கு எழுத்துருவை இன்றைய உலாவிகள் இறக்குவதில்லை. பாமினி எழுத்துருவைக் கணினியில் நிறுவிப் பக்கத்தை மீண்டும் திறந்தால் பெரும்பாலும் தமிழ் தெரியும். தெரியாவிட்டால் அந்த எழுத்துகளைப் பிரதி செய்து, பாமினியை யுனிகோடுக்கு மாற்றும் செயலி ஒன்றில் ஒட்டுங்கள். மாற்றியதைச் சேமிக்கும்போது பக்கத்தின் பழைய முகவரியையும் திகதியையும் கூடவே எழுதி வையுங்கள்.